கல்கத்தா மருத்துவப் பள்ளி: உள்ளே இருந்தோரும் வெளியே நின்றோரும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக வரலாற்றுப் பாடம் நடத்தி வருகிறேன். ஆங்கிலக் கல்வி இந்நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லும்போது, '1835, மெக்காலே' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். ஒருநாள் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தக் காலத்தில் ஆங்கில வைத்தியம் படிக்க நம்மவர்களைச் சேர்த்துக்கொண்டார்களா?" என்று கேட்டாள். 'நம்மவர்கள்' என்று அவள் சொன்னது இந்தியர்களையா, நம் தெருவாரையா என்பது அவள் முகத்தைப் பார்த்த அளவில் எனக்கு விளங்கிவிட்டது. அன்று அவளுக்கு என்னால் சரியான விடை சொல்ல இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1817ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெசூர்ப் பகுதியில் எழுந்த வாந்திபேதி நோய், ஊர் ஊராகப் பரவி, அவ்வாண்டின் இறுதியில் பண்டல்கண்டில் முகாமிட்டிருந்த கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படையினுள்ளும் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. பீரங்கிக்கு அஞ்சாத கம்பெனியார் இந்நோய்க்கு அஞ்சினர். அவர்களிடம் பட்டாளங்கள் பல இருந்தன. சர்ஜன்கள் சிலரே இருந்தனர். சீமையிலிருந்து வைத்தியர்களை வரவழைப்பதோ பெருஞ்செலவு. ஆகவே வெள்ளைக்கார சர்ஜனுக்குக் கீழே இருந்து புண் கழுவிக் கட்டுப் போடவும், மருந்து கலந்து கொடுக்கவும், சர்ஜன் இல்லாத இடத்தில் சிப்பாய்களைப் பார்த்துக்கொள்ளவும் இந்தியர்களையே அமர்த்தினர். இவர்களுக்கு 'நேட்டிவ் டாக்டர்' என்று பெயர். இதனை 'நாட்டு வைத்தியர்' என்று தமிழாக்கினால் பொருள் மாறிவிடும். இவர்கள் மூலிகையும் சூரணமும் கொடுத்த பரம்பரை வைத்தியர்கள் அல்லர். கம்பெனியின் ஆஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பழகி, பதவி பெற்றவர்கள். இவர்களுக்கு முறையான படிப்பு ஏதும் அதுவரை இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கவே 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள் இட்ட ஆணையின்படி கல்கத்தாவில் மருத்துவப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. மருத்துவ வாரியத்தின் செயலாளராக இருந்தவரும், அந்த வாந்திபேதி நோயைப் பற்றி 1820இல் பெரிய அறிக்கை எழுதியவருமான ஜேம்ஸ் ஜேம்சன் என்பவரே அதன் முதல் கண்காணிப்பாளர். மறு ஆண்டு தொடக்கத்திலேயே அவர் இறந்துபோக, பீட்டர் பிரெட்டன் என்பவர் பொறுப்பேற்று 1830 வரை நடத்தினார். தொடக்கத்தில் மாணவர்கள் இருபதே பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் 8 ரூபாய் உதவித்தொகை. பட்டாளத்துக்கு ஆள் தேடுவதே நோக்கமாதலால், மாணவனும் ஒருவகையில் பட்டாளத்தானாகவே கருதப்பட்டான்.

அப்பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறவில்லை. இந்துஸ்தானி மொழியிலேயே நடைபெற்றது. நாகரி எழுத்திலோ பாரசீக எழுத்திலோ எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். மேனாட்டு வைத்தியத்தை நாட்டு மொழியில் சொல்லவேண்டுமென்றால் சொல் வேண்டுமே! பிரெட்டன் அதற்காக உழைத்தார். உடலுறுப்புகளின் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலம், அரபி, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய ஐந்து மொழிகளிலும் தொகுத்து 1825இல் அகராதி ஒன்று வெளியிட்டார். வாந்திபேதியைப் பற்றியும் உடலுறுப்புகளைப் பற்றியும் சிறு நூல்கள் செய்தார். மாணவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்தனர். கம்பெனியின் மருந்துக் கிடங்கில் மருந்து செய்யக் கற்றனர். உடற்கூறு மட்டும் அரைகுறையாகவே நடந்தது. ஆட்டின் உடலை அறுத்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சவப்பரிசோதனை நடக்கும்போது மாணவர்களை அழைத்துச் சென்று பார்க்கச் செய்தார்கள். மாணவன் தன் கையால் மனித உடலை அறுத்துப் பயிலும் வழக்கம் அங்கு இல்லை. இந்துக்கள் பிணத்தைத் தொடமாட்டார்கள். வற்புறுத்தினால் பள்ளியை விட்டே போய்விடுவார்கள் என்பது கம்பெனி அதிகாரிகளின் அச்சம்.

'இந்துக்கள் பிணத்தைத் தொடமாட்டார்கள்' என்னும் இந்தத் தொடரை நான் ஒன்றுக்கு மூன்று முறை படித்தேன். படித்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. என் தந்தையார் ஊர் வெட்டியான். இந்துக்கள் அனைவருடைய பிணத்தையும் அவர் தொட்டிருக்கிறார். வங்காளத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் டோம் என்னும் சாதியார். காசியின் சுடலைத் துறைகளில் இன்றும் சிதைக்கு நெருப்புக் கொடுப்பவர்கள் அவர்களே. பிணத்தைத் தூக்குவதும், கழுவுவதும், எரிந்தும் எரியாததுமாகக் கிடப்பதைக் கோலால் தள்ளி எரிப்பதும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். அந்தத் தொழிலைச் செய்ததற்காகவே அவர்கள் தீண்டத்தகாதவர் எனப்பட்டனர். இத்தனை பேர் ஊர்தோறும் இருக்க, பிணத்தைத் தொடுவார் எவருமில்லை என்று அதிகாரிகள் ஏட்டில் எழுதினார்களென்றால், 'இந்துக்கள்' என்ற சொல்லுக்குள் அவர்கள் யாரை வைத்து எண்ணினார்கள், யாரை வெளியே விட்டு எண்ணினார்கள் என்பதை இளைஞர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டும்.

பள்ளியில் சேர்வதற்கான விதியும் இதற்கு ஒத்ததே. இந்துக்களும் முஸ்லிம்களும் சேரலாம். ஆனால் மரியாதைக்குரியவர்களாக இருத்தல் வேண்டும். 'மரியாதைக்குரியவர்' என்ற சொல்லை எளிதாகக் கடந்துவிடாதீர்கள். இந்தக் கதை நெடுகிலும் அது கூடவே வருகிறது.

1826ஆம் ஆண்டை ஒட்டி, கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பிக்கும் வகுப்பும், மதரசாவில் யுனானி கற்பிக்கும் வகுப்பும் தொடங்கப்பெற்றன. அங்கும் மேனாட்டு உடற்கூறு சிறிதளவு கலந்தே கற்பிக்கப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரியில் அக்காலத்தில் பிராமணரும் வைத்தியச் சாதியாரும் மட்டுமே சேரலாம். காயஸ்தருக்குக்கூட அதன் கதவு 1851இல்தான், ஈசுவர சந்திர வித்தியாசாகரர் முதல்வரான பின்பே, திறந்தது. காயஸ்தர்கள் எழுத்துத் தொழிலில் சிறந்த மேல்சாதியார். அவர்களுக்கே அந்த நிலையென்றால் டோம்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இதற்கிடையே, கம்பெனி அரசில் வேறொரு காற்று வீசத் தொடங்கியது. கல்வியைக் கீழைநாட்டு மொழிகளில் கொடுப்பதா, ஆங்கிலத்தில் கொடுப்பதா என்ற வழக்கு வலுத்தது. பெண்டிங் பிரபு 1833ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவக் கல்வியைப் பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தார். ஜான் கிராண்ட் தலைவர். ஆங்கிலக் கட்சியின் தீவிரவாதியான டிரெவலியன் அதில் ஓர் உறுப்பினர். இந்தியர் ஒரே ஒருவர். அவர் வைத்தியச் சாதியைச் சேர்ந்த ராம்கமல் சென். அப்போது பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டைட்லர் அரபி மொழியில் வல்லவர். ஆங்கில உடற்கூற்று நூலொன்றை அரபியில் ஆக்கியவர். நாட்டு மொழிகளிலேயே இக்கல்வியைக் கொடுக்க இயலும் என்று அவர் வாதாடினார். குழுவினர் ஏற்கவில்லை. மிஷன் பள்ளி நடத்திவந்த அலெக்சாந்தர் டப் பாதிரியாரையும் கேட்டனர். ஆங்கிலம் படித்த என் மாணவர்கள், பிராமணர் உட்பட, பிணத்தைத் தொடத் தயங்கமாட்டார்கள் என்ற பொருள்பட அவர் விடை கூறினார். 1834 அக்டோபரில் குழு அறிக்கை தந்தது. 1835ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் ஆணை பிறந்தது. பிப்ரவரி முதல் நாளோடு பழைய பள்ளி மூடப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் நடந்த மருத்துவ வகுப்புகளும் ஒழிக்கப்பட்டன. அவற்றினிடத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி எழுந்தது. மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதியது அதற்கு மறுநாள், பிப்ரவரி 2ஆம் தேதி. ஆக, அந்த வழக்கில் முதல் தீர்ப்பு மருத்துவக் கல்வியின்மேல் முன்னதாகவே விழுந்துவிட்டது.

டைட்லர் சொன்னது தவறா? தமிழ் வழியில் பாடம் நடத்தி முடி நரைத்தவன் என்ற முறையில் ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் அச்சேறியது. தமிழில் இயன்றது இந்துஸ்தானியில் இயலாதா? ஆனால் பழைய பள்ளியில் பிணம் அறுத்துப் பயிலும் பயிற்சியும் கடுமையான தேர்வும் இல்லை என்று குழுவினர் கண்ட குறை உண்மையான குறையே. மொழியை மாற்றாமலே அக்குறையைப் போக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. அப்படியும் செய்ய இயலும் என்று கம்பெனியாரே பின்னர் மெய்ப்பித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிய கல்லூரியின் சேர்க்கை விதியைப் பாருங்கள். பதினான்கு வயது முதல் இருபது வயது வரையுள்ள இளைஞர்கள் சேரலாம். மத வேற்றுமை இல்லை. சாதி வேற்றுமை இல்லை. 1835இல் அரசாங்க ஆணை ஒன்று இவ்வாறு கூறியது பெரிய செய்திதான். ஆனால் அதே வாக்கியத்தின் வாலில் ஒரு நிபந்தனை தொங்குகிறது. மரியாதைக்குரிய உறவினரும் நன்னடத்தையும் உடையவராக இருத்தல் வேண்டும். மேலும், ஆங்கிலமும் வங்காளியும், அல்லது ஆங்கிலமும் இந்துஸ்தானியும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். அன்றைய கல்கத்தாவில் ஆங்கிலம் கற்பித்த தலைமையான பள்ளி 1817இல் ஏற்பட்ட இந்து கல்லூரி. அதுவோ மரியாதைக்குரிய இந்துக்களின் புதல்வர்களுக்கென்றே ஏற்பட்டது. சாதி பார்ப்பதில்லை என்று ஒரு கையால் கதவைத் திறந்து, மரியாதை பார்ப்போம் என்று மறு கையால் சாத்தினார்கள். வேண்டுமென்றே செய்த வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். மரியாதை என்பதும் சாதி என்பதும் இந்நாட்டில் ஒன்றே என்பது அந்த ஆணையை எழுதியவர்களுக்குத் தோன்றாமலே போயிருக்கலாம். விளைவு என்னவோ ஒன்றுதான்.

இனி 1836ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருகிறேன். மதுசூதன் குப்தா என்பவர் ஊக்ளி மாவட்டத்து வைத்தியச் சாதியார். சமஸ்கிருதக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பில் மாணவராக இருந்து, பின்பு அங்கேயே ஆசிரியரானவர். ஆங்கில உடற்கூற்று நூலொன்றைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர். அந்த வகுப்பு ஒழிந்தபின் புதிய மருத்துவக் கல்லூரியில் அமர்த்தப்பட்டார். உடற்கூற்று ஆசிரியரான குடீவ் என்பவரோடு அவர் சேர்ந்து, அந்த ஆண்டில், முதன்முதலாக மனித உடலைத் தம் கையாலேயே அறுத்தார். உமாசரண் சேட், ராஜகிருஷ்ண தே, துவாரகாநாத் குப்தா, நவீன் சந்திர மித்ரா ஆகிய மாணவர்களின் பெயர்களும் இச்செயலோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கி இச்செயலைக் கொண்டாடியதாக வழிவழியாக ஒரு கதை உண்டு. கதையோ மெய்யோ, அப்படியொரு கதை எழுந்ததே அச்செயலுக்குக் கிடைத்த பெருமைக்குச் சான்று.

பெண்கல்விக்காகக் கல்கத்தாவில் பள்ளி நிறுவிய பெத்தூன் என்னும் ஆங்கிலேயர், பல ஆண்டுகளுக்குப் பின்னர், மதுசூதன் குப்தாவின் உருவப்படத்தைக் கல்லூரிக்கு வழங்கியபோது இந்நிகழ்ச்சியைச் சொற்சித்திரமாகத் தீட்டினார். குடீவ் முன்னே செல்ல, கத்தியைக் கையிலேந்தி மதுசூதன் பின்னே செல்கிறார். இருவரும் ஒரு குடோனுக்குள் நுழைகிறார்கள். அங்கே உடல் ஆயத்தமாகக் கிடக்கிறது. மாணவர்கள் கூட்டமாய்ப் பின்தொடர்ந்தாலும் உள்ளே நுழைய அவர்களுக்குத் துணிவில்லை. வாயிலைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சன்னல் மரச்சட்டங்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறார்கள். மதுசூதனின் உறுதியான கை மார்பில் நீண்டதொரு கீறலை இட்டதும், நின்றவர்கள் அனைவரும் தாங்கொணாத பாரம் நீங்கினவர்போல் நெடுமூச்சு விடுகிறார்கள்.

மதுசூதன் குப்தாவின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மனுதர்ம சாத்திரம் வைத்தியன் இட்ட உணவையே சீழுக்கு ஒப்பிட்டு விலக்குகிறது. சுசுருதர் தம் நூலில், பிணத்தை நீரில் ஊறவைத்துத் தோலை அடுக்கடுக்காக நீக்கி உறுப்புகளைக் கண்டறியும் முறையைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய நாட்டில் தீட்டுக்கு அஞ்சிப் பிற்காலத்தார் அந்த அறிவையே கைவிட்டார்கள். அந்தப் பழங்கட்டைத் தன் சாதிக்குள்ளிருந்தே ஒருவர் அறுத்தது பெருஞ்செயல்தான். அவர் 1856இல் இறக்கும்வரை அக்கல்லூரியிலேயே பணியாற்றி, நூற்றுக்கணக்கான மாணவர்களின் கைக்கு அந்தத் துணிவைக் கொடுத்தார்.

ஆனால் அந்தச் சொற்சித்திரத்தில் ஒரு தொடர் என்னை விடவில்லை. 'உடல் ஆயத்தமாகக் கிடந்தது.' உடல் தானே எழுந்து வந்து மேசைமேல் படுத்துக்கொள்ளுமோ? அதைச் சுமந்தவன் ஒருவன் உண்டு. கழுவிக் கிடத்தியவன் ஒருவன் உண்டு. அறுத்து முடித்தபின் எஞ்சியதை வாரிக் கொண்டுபோனவனும் ஒருவன் உண்டு. சாதிமான்கள் செய்ய அஞ்சிய வேலை எது என்பதைப் பார்த்தோமானால், செய்தவன் யார் என்பதை ஊகிக்க நமக்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. மதுசூதனின் கை பிணத்தில் பட்டபோது அது விஞ்ஞானம் எனப்பட்டது. அதே நாளில், அதே பிணத்தில் பட்ட மற்றொரு கைக்கு அது தீட்டாகவே நின்றது.

அதன்பின் வேலை பெருகியது. குடீவ் தரும் கணக்குப்படி 1837இல் மாணவர்கள் முன்னிலையில் அறுக்கப்பட்ட உடல்கள் 60. மறு ஆண்டில் 120. 1844இல் 500க்கும் மேல். இந்த உடல்கள் யாருடையவை? ஆஸ்பத்திரியில் இறந்து, கேட்க நாதியற்றுக் கிடந்த ஏழைகளுடையவை. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டத்தின்படி, அநாதை விடுதிகளில் இறந்து உரிமை கோருவார் இல்லாத ஏழைகளின் உடல்களே அங்கு மாணவர்களுக்கு அளிக்கப்பட்டன. மேசைமேல் கிடந்தவனும் ஏழை. அவனைச் சுமந்து வந்தவனும் ஏழை. மேசையைச் சுற்றி நின்றவர்கள் மட்டும் மரியாதைக்குரியவர்கள்.

இனி, முன்பு சொல்வதாக நிறுத்திய செய்தி. ஆங்கிலம் கற்றுத் தேறிய புதிய வைத்தியர்கள் சிலரே. பட்டாளத்துக்கோ நேட்டிவ் டாக்டர்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டனர். ஆகவே 1835இல் எந்த வகுப்பை மூடினார்களோ, அதையே 1839இல் மருத்துவக் கல்லூரிக்குள் மீண்டும் திறந்தார்கள். இந்துஸ்தானி மொழியில், பட்டாளத்துக்கென்று. இம்முறை உடலறுத்துப் பயிலும் பயிற்சியும் சேர்ந்தே இருந்தது. டைட்லர் இல்லை, அவர் வாதம் மட்டும் வென்றது. 1852ஐ ஒட்டி வங்காளி மொழி வகுப்பும் தொடங்கியது. மதுசூதன் குப்தாவே அவ்வகுப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1873இல் வங்காளி வகுப்பு சியால்டாவுக்கு மாற்றப்பட்டுத் தனிப் பள்ளியாயிற்று. பின்னாளில் அது கேம்பெல் மருத்துவப் பள்ளி என்று பெயர் பெற்று, விடுதலைக்குப்பின் நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆக, இன்றைய பெரிய கல்லூரிகளில் ஒன்று அந்த நேட்டிவ் டாக்டர் வகுப்பின் வழித்தோன்றல்.

அதே நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் பிணவறைக்கு 2021ஆம் ஆண்டில் உதவியாளர் ஆறு பேர் வேண்டுமென்று விளம்பரம் வந்தது. எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். அந்த வேலைக்கு வங்காளத்தில் இன்றும் வழங்கும் பெயர் 'டோம்'. சாதியின் பெயரே பதவியின் பெயராய் நின்றுவிட்டது. ஆறு இடங்களுக்கு ஏறத்தாழ 8,000 பேர் மனுச் செய்தனர். பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் அவர்களுள் இருந்தனர். வேலையில்லாக் கொடுமை என்று செய்தித்தாள்கள் வருந்தி எழுதின. அது உண்மையே. ஆனால் இருநூறு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தவர்களின் பிள்ளைகள், பட்டதாரிகளோடு போட்டியிட்டு அதையும் இழக்கும் நிலை வந்ததே என்று வருந்தியவர்கள் குறைவு.

நம் சென்னைக்கும் இக்கதையோடு தொடர்பு உண்டு. கல்கத்தாப் பள்ளி மூடப்பட்ட மறுநாள், அதாவது 1835 பிப்ரவரி 2ஆம் நாள், சென்னையில் ஆளுநர் பிரெடரிக் ஆடம் காலத்தில் பொது மருத்துவமனையை ஒட்டி மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அதன் நோக்கமும் படைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கீழ்நிலை வைத்தியப் பணியாளரைப் பயிற்றுவதே. யூரேசிய இளைஞர்களும் இந்திய இளைஞர்களும் அங்கே பயின்றனர். 1850இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. தமிழ்நாட்டில் வைத்திய அறிவு நம் மக்களிடம் இல்லாமலிருந்தது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். அவர் 1845இல் பிறந்து 1914இல் மறைந்தார். ஓலைச்சுவடியும் மருந்தும் அவர் குடும்பத்துக்குப் புதியவை அல்ல. நம் சேரிகளில் எலும்பு கட்டியவர்களும், பிரசவம் பார்த்த பாட்டிமார்களும் எத்தனை பேர்! கையில் வித்தை இருந்தது. கல்லூரியில் இடம்தான் இல்லை.

அந்த இடம் எண்ணிக்கையாக வந்த வரலாறு தனி. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணையின்படி, 1947இல் திருத்தப்பட்ட முறையில், கல்லூரி இடங்கள் பதினான்குக்கு ஆதிதிராவிடர்களுக்கு இரண்டு என்று ஒதுக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் இந்த ஆணையினால் தமக்கு இடம் கிடையாது என்று செண்பகம் துரைராசன் என்னும் பிராமணப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. இரண்டே மாதங்களில், ஜூன் 18ஆம் நாள், அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இந்தியாவின் அரசியல் சட்டம் முதன்முதலில் திருத்தப்பட்டதற்குக் காரணமானவற்றுள் ஒன்று மருத்துவக் கல்லூரி இடம் என்பதை நம் இளைஞர்கள் மறக்கக்கூடாது. 1835ஆம் ஆண்டு ஆணையின் வாலில் தொங்கிய 'மரியாதைக்குரிய உறவினர்' என்ற நிபந்தனையை, நூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, நம் நாட்டவரே சட்டம் இயற்றி வெட்டினார்கள்.

கல்கத்தாக் கதை இவ்வளவே. கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அவள் பள்ளியை முடித்துச் சென்றுவிட்டாள். ஆனால் என் பள்ளியில் படித்த மற்றொரு மாணவன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த ஏழரை விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றான். அவன் தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். முதலாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தான். திண்ணையில் என் தந்தையார் அமர்ந்திருந்தார். கண்பார்வை குறைந்துவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். அவன் உடற்கூற்று வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு அருகே அழைத்தார்.

"ஏந்தம்பி, அங்க கெடத்தியிருக்கிற சவத்தை யாரு குளிப்பாட்டுறது?"

மருந்து நீரில் பதப்படுத்தி வைத்திருப்பார்கள் என்பதையும், முதல் நாளன்று மாணவர்கள் எல்லோரும் அந்த உடலின்முன் நின்று மரியாதையாக நடந்துகொள்வோம் என்று உறுதிமொழி எடுத்ததையும் அவன் விளக்கினான். கிழவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பின்பு, "தொட்டி உள்ளேருந்து யாரு தூக்கிக்கிட்டு வந்து மேசை மேல வைக்கிறது?" என்றார்.

"அங்கே அட்டெண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார் தாத்தா. அவர்தான் எல்லாம். நரம்பு எது, இரத்தக்குழாய் எது என்று எங்களுக்குத் தெரியாதபோது அவரே காட்டிக்கொடுப்பார். இருபது வருடமாக அங்கேயே இருக்கிறார்."

"நம்ம ஆளா?"

"நான் கேட்கவில்லை தாத்தா."

"கேக்காதே" என்றார் என் தந்தையார். சற்று நேரம் கழித்து, "பொங்கல் முடிஞ்சு போகும்போது அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக்கிட்டுப் போ. என் பணம் தரேன்" என்று சொல்லி இடுப்பு முடிச்சைத் தடவினார்.